பலேர்மோவிலிருந்து சிராகூசா: மழை நாளில் எந்தச் சாலை?

சிசிலியைக் காரில் சுற்றுகிறவர்கள் பலரும் பலேர்மோவில் தொடங்கி, சில நாள் கழித்துத் தீவின் எதிர் மூலையில் இருக்கும் சிராகூசாவுக்கு நகர்வார்கள். வெயில் நாளில் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. தீவின் நடுவே போகும் ஏ19 நெடுஞ்சாலையைப் பிடித்தால் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரலாம். மழை நாளில்தான் கேள்வி வருகிறது. முந்தின இரவு விடுதி ஜன்னலில் சாரல் அடிக்க ஆரம்பித்ததும், நாளைக்குக் கிளம்பலாமா, கிளம்பினால் எந்த வழி, நடுவில் எங்கே நிற்பது என்று பேச்சு ஓடும். கைபேசி மூன்று வழிகளைக் காட்டி, மூன்றுக்கும் நிமிடக் கணக்கும் போட்டுக் கொடுக்கும். மழை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது அந்தக் கணக்கில் இருக்காது. சிசிலியில் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

மத்தியதரைக் கடலின் மிகப் பெரிய தீவு இது. பரப்பு 25,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். வடக்குக் கரையை ஒட்டி மதோனியே, நெப்ரோதி, பெலோரித்தானி என்று மலைத்தொடர்கள் வரிசையாக நிற்கின்றன. மதோனியேயின் உச்சி ஏறத்தாழ 2,000 மீட்டர். கிழக்கே 3,300 மீட்டரையும் தாண்டி எட்னா எரிமலை. தென்கிழக்கு மூலையில் இப்லேயி மலைகள். வடமேற்குக் காற்று, அதாவது மாயெஸ்த்ராலே, மழை கொண்டுவந்தால் பலேர்மோ, செஃபலூ, மெஸ்ஸீனா வரைக்குமான வடகரை நனையும். மலைக்கு அந்தப் பக்கம் சிராகூசாவில் அதே நேரத்தில் வெயில் அடிப்பதும் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வரும் ஷிரோக்கோ என்ற தென்கிழக்குக் காற்று என்றால் கதை தலைகீழ். எட்னாவின் கிழக்குச் சரிவிலும், மெஸ்ஸீனா தெற்கிலும், கத்தானியா, சிராகூசா சமவெளிகளிலும் மழை கொட்டும். பலேர்மோவில் மேகம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது மழைதான் பொதுவாக மோசமானது. கோடை முழுக்கச் சூடேறிய கடல் அக்டோபர், நவம்பரிலும் சூடாகவே இருக்கும். அந்த ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் காற்று மலையில் முட்டி மேலே ஏறும்போது, சில மணி நேரத்தில் பல நாள் மழை கொட்டிவிடும். 2021 ஆகஸ்ட் 11 அன்று சிராகூசாவுக்குப் பக்கத்தில் ஃப்ளோரிதியா அருகே 48.8 டிகிரி வெப்பம் பதிவானது. ஐரோப்பாவின் உச்சபட்ச அளவு அது. அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் அபோல்லோ என்று பெயரிடப்பட்ட மத்தியதரைச் சூறாவளி அதே கரையைத் தாக்கியது. அதற்குச் சில நாள் முன்பு கத்தானியாவின் பெரிய வீதியான வியா எத்னேயா ஆறாக ஓடியது.

ஆகவே கிளம்புவதற்கு முந்தின நாள் பிற்பகலில் சிசிலிக் குடிமைப் பாதுகாப்புத் துறையின் அறிவிக்கையைப் பாருங்கள். தீவை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் கொடுப்பார்கள். மறுநாள் நள்ளிரவு வரைக்கும் அது பொருந்தும். இத்தாலி மொழி தெரியாவிட்டாலும் வரைபடத்தின் நிறங்களைப் பார்த்தாலே போதும். எந்தக் கரை எந்த நிறம் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் வழியைப் பற்றிப் பேச வேண்டும்.

முதலில் ஏ19. பலேர்மோவிலிருந்து கத்தானியா வரை ஏறத்தாழ 190 கிலோமீட்டர். அங்கிருந்து சிராகூசாவுக்கு 2009இல் திறந்த புதிய நெடுஞ்சாலையில் இன்னொரு 60, 65. சுங்கக் கட்டணம் கிடையாது. முதல் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் கடலோரமாக ஓடும். புவோன்ஃபோர்னெல்லோ என்ற இடத்தில் மெஸ்ஸீனா போகும் ஏ20 பிரிந்ததும், ஏ19 தெற்கே திரும்பி மலைக்குள் நுழைகிறது. இமேரா ஆற்றுப் பள்ளத்தாக்கில் பாலத்துக்கு மேல் பாலமாகப் பல கிலோமீட்டர் தூண்கள் மேலேயே போகும் சாலை இது.

இந்தப் பாலங்களுக்கும் மழைக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. உள்நாட்டுச் சிசிலியின் குன்றுகள் பெரும்பாலும் களிமண். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மழையில் ஊறிக் கனத்ததும் சரிவிலிருந்து மெல்ல நழுவும். 2015 ஏப்ரல் 10 அன்று ஸ்கில்லாத்தோவுக்குப் பக்கத்தில் அப்படி நழுவிய ஒரு குன்று, இமேரா பாலத்தின் தூண்களைத் தள்ளிச் சாய்த்துவிட்டது. தீவின் இரண்டு பெரிய நகரங்களுக்கு நடுவேயான நெடுஞ்சாலை அறுந்து, வண்டிகள் மலைக் கிராமங்கள் வழியாகச் சுற்றிப் போயின. கல்தவுத்தூரோ ஊருக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஆட்டு மந்தைப் பாதைக்குக் கான்கிரீட் போட்டு அதையும் பயன்படுத்தினார்கள். அப்புறம் ஒரு தற்காலிக இணைப்புச் சாலை வந்தது. புதிய பாலம் திறக்க 2020 ஜூலை ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் இந்தச் சாலையில் பராமரிப்பு வேலை ஓய்ந்தபாடில்லை. ஒரு பக்கத்தை அடைத்து, எதிரும் புதிருமாக ஒரே பக்கத்தில் விடும் பகுதிகள் அடிக்கடி வரும். மழையில் அந்த இடங்களில் எதிர்வரும் லாரி வாரியடிக்கும் தண்ணீர் முழுவதும் உங்கள் முன்கண்ணாடியில்தான் விழும். வைப்பரை உச்ச வேகத்தில் வைத்தாலும் இரண்டு விநாடி ஒன்றுமே தெரியாது.

மூடுபனி இன்னொன்று. என்னா நகரம் 931 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இத்தாலியின் மாகாணத் தலைநகரங்களிலேயே உயரமானது இதுதான். நெடுஞ்சாலை அதன் அடிவாரத்தில்தான் போகிறது என்றாலும், மழை மேகம் அங்கே சாலை மட்டத்துக்கு இறங்கிவிடும். நல்ல நாளில் என்னா கோட்டையிலிருந்து எட்னா தெரியும் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்லும். மழை நாளில் அதற்காக மேலே ஏற வேண்டாம். கோட்டைச் சுவரே பக்கத்தில் போனால்தான் தெரியும்.

இவ்வளவு குறை சொல்லியும், பெரும்பாலான மழை நாட்களுக்கு நான் ஏ19ஐத்தான் தேர்ந்தெடுப்பேன். முதல் காரணம், மழைக்குள் செலவிடும் நேரம் குறைவு. வடமேற்கு மழை என்றால் என்னாவைத் தாண்டித் தித்தாயினோ பள்ளத்தாக்கில் இறங்கும்போதே வானம் வெளுக்கத் தொடங்கும். இந்தப் பள்ளத்தாக்கு ரோமானியர் காலத்திலிருந்து கோதுமை பூமி. அந்தக் கோதுமையில் சுடும் தித்தாயினோ ரொட்டிக்கு இன்றைக்கு ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு உண்டு. ஷிரோக்கோ மழை என்றாலும் முதல் பாதி தூரம் பெரிய தொல்லை இல்லாமல் ஓடிவிடலாம். நடுவில் நின்று, கிழக்கே நிலைமை எப்படி என்று பார்த்து, மேலே போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் வசதி இந்த வழியில்தான் இருக்கிறது. என்னாவுக்குப் பக்கத்தில் சாக்கித்தெல்லோ என்ற இளைப்பாறும் நிலையம் இருக்கிறது. பெட்ரோல், காபி, கழிப்பறை, வண்டி நிறுத்த இடம் எல்லாம் உண்டு. கிழக்கு வானம் கறுத்துக் கிடந்தால் அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடலாம்.

இரண்டாவது காரணம், இந்த வழியிலிருந்து பிரிந்து போய்ப் பார்க்கக் கூடிய வில்லா ரொமானா தெல் கசாலே. மழை நாளைக் கழிக்க சிசிலியில் இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. நெடுஞ்சாலையை விட்டு இறங்கித் தெற்கே பியாத்சா அர்மெரீனா வரை போய், அங்கிருந்து இன்னும் சில கிலோமீட்டர். நான்காம் நூற்றாண்டில் ஒரு பெரும் ரோமானியச் செல்வந்தர் கட்டிய நாட்டுப்புற மாளிகை. சுமார் 3,500 சதுர மீட்டருக்குத் தரை முழுக்க மொசைக். 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. முக்கியமான அறைகள் எல்லாம் கூரைக்குக் கீழே. மேலே போட்ட நடைபாதையில் நடந்துகொண்டே கீழே தரையைப் பார்க்கலாம். கூரையில் மழை சடசடக்கும், நீங்கள் நனைய மாட்டீர்கள். இந்த மாளிகை இவ்வளவு முழுமையாகக் கிடைத்ததற்கே மழை மண்தான் காரணம். 12ஆம் நூற்றாண்டில் பக்கத்துக் குன்று சரிந்து மண் மூடிவிட்டது. நூற்றாண்டுக் கணக்கில் யார் கையும் படாமல் தரை அப்படியே கிடந்தது. நெடுஞ்சாலையின் தூணைத் தள்ளியதும் இப்படி ஒரு சரிவுதான்.

நேரம் இருந்தால் 'பெரிய வேட்டை' என்ற நீண்ட தாழ்வாரத்தை நிதானமாகப் பாருங்கள். அறுபது மீட்டருக்கும் அதிக நீளம். ரோம அரங்கங்களுக்காகப் பிடித்த விலங்குகளைக் கப்பலில் ஏற்றும் காட்சி. நெருப்புக்கோழியை இடுப்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஒருவன் பலகையில் ஏறுகிறான். தாழ்வாரத்தின் தென்கோடியில் ஒரு பெண் உருவம் உட்கார்ந்திருக்கிறது. கையில் தந்தம், ஒரு பக்கம் யானை, இன்னொரு பக்கம் புலி. ஒரு நாட்டைப் பெண்ணாக உருவகித்திருக்கிறார்கள். இது இந்தியா என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள், எகிப்து அல்லது எத்தியோப்பியா என்பாரும் உண்டு. யானையின் தோலைக் கட்டம் கட்டமாக, வலை போர்த்தியது போலக் காட்டியிருக்கிறார்கள். புலியின் கோடுகளைப் பாருங்கள். புலி என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அந்தப் பெண் நம் பக்கத்தவள் என்று நம்பவே நான் விரும்புகிறேன்.

வில்லாவுக்குப் போவதானால் மூன்று மணி நேரம் கூடும். ஆகவே பலேர்மோவிலிருந்து காலை எட்டு மணிக்குள் கிளம்ப வேண்டும். நவம்பர் நடுவில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வில்லாவை முடித்ததும் கைபேசி உங்களைத் தென்கிழக்கே இன்னொரு மாநிலச் சாலையில் விட்டுக் கத்தானியாவுக்கு அழைத்துப் போகப் பார்க்கும். இருட்டுவதற்கு நிறைய நேரம் இருந்தால் சரி. இல்லையென்றால் வந்த வழியே ஏ19க்குத் திரும்புவதுதான் நல்லது. இரண்டு பக்கமும் நடுக்கோடு மட்டுமே பிரிக்கும் சாலையில், மழையில், இருட்டில், ஊர்க்காரர்கள் முந்திச் செல்லும் வேகத்தை வெளியூர் ஆள் தாங்க முடியாது.

கைபேசியைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏ19இல் வேலை நடந்து வண்டிகள் தேங்கினால், அது உங்களை மாகாணச் சாலைகளுக்குத் திருப்பிவிடும். பத்து நிமிடம் மிச்சம் என்று சொல்லும். ஒத்துக்கொள்ளாதீர்கள். உள்நாட்டு மாகாணச் சாலைகள் பல வருடங்களாகப் பராமரிப்பு இல்லாமல் கிடக்கின்றன. பாதி அகலம் சரிந்து போய், சிவப்பு வெள்ளை வேலி மட்டும் வைத்திருக்கும் வளைவுகள் உண்டு. இலையுதிர் காலத்தில் உழுத வயல்களிலிருந்து சேறு வழிந்து தார் மேல் படர்ந்திருக்கும். டயர் அதில் ஏறினால் பிரேக் வேலை செய்யாது. நெடுஞ்சாலையிலேயே தேங்கி நிற்பது எவ்வளவோ மேல்.

அடுத்தது கடலோர வழி. ஏ20இல் மெஸ்ஸீனா வரை போய், அங்கே திரும்பி ஏ18இல் தவோர்மீனா வழியாகக் கத்தானியா, பிறகு சிராகூசா. மொத்தம் 380 கிலோமீட்டர் வரும். இரண்டு நெடுஞ்சாலைகளிலும் சுங்கம் உண்டு. வெயில் நாளில் நாலு, நாலரை மணி நேரம். இவ்வளவு சுற்றி ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். காரணம் குகைப்பாதைகள். 2004 கடைசியில்தான் முழுமையான ஏ20, நெப்ரோதி மலையின் கடலோர முனைகளைத் துளைத்துக்கொண்டு போகிறது. ஒன்று முடிந்ததும் இன்னொன்று. மழைக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போகலாம் என்று தோன்றும். உண்மையில் ஓட்டுகிறவருக்கு அது சுகமில்லை. குகைக்குள் காய்ந்த சாலை, மங்கிய விளக்கு, கண்ணாடியில் திடீர் ஆவி. வெளியே வந்த நொடியில் பாலத்தின் மேல் பக்கவாட்டுக் காற்றும் மழையும் சேர்ந்து அறையும். அரை நிமிடத்துக்கு ஒரு முறை கண்ணும் கையும் பழக்கத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வடமேற்குக் காற்று வீசும் நாளில் இந்தக் கரை முழுக்க அப்படித்தான்.

அதன் இரண்டாம் பகுதியான ஏ18தான் என்னை அதிகம் யோசிக்க வைப்பது. மெஸ்ஸீனாவுக்குத் தெற்கே பெலோரித்தானி மலைகள் கடலுக்கு நேர் மேலே செங்குத்தாக எழுகின்றன. மலைக்கும் கடலுக்கும் நடுவே ஊர், ரயில் பாதை, பழைய சாலை, நெடுஞ்சாலை எல்லாம் நெருக்கி அடித்துக்கொண்டு இருக்கின்றன. மலையிலிருந்து இறங்குபவை ஃபியூமாரா என்ற வறண்ட ஆறுகள். ஆண்டில் பெரும்பகுதி வெறும் உருண்டைக் கற்கள் கிடக்கும் அகலமான படுகைகள். சில இடங்களில் மக்கள் அவற்றை வண்டி நிறுத்தப் பயன்படுத்துகிறார்கள். ஷிரோக்கோ மழை மலையில் கொட்டினால் அரை மணியில் அதே படுகையில் கல்லும் மண்ணும் மரமுமாக இறங்கும். 2009 அக்டோபர் 1 மாலை ஜாம்பிலியேரி, ஸ்காலேத்தா த்சாங்க்ளேயா ஊர்களில் அப்படி இறங்கிய மண்சரிவில் 37 பேர் இறந்தார்கள். 2015 அக்டோபரில் லெத்தோயான்னியில் நெடுஞ்சாலை மேலேயே குன்று சரிந்து, பல வருடங்கள் ஒரே பக்கத்தில் போக்குவரத்து நடந்தது.

அதனால் கிழக்குக் கரைக்கு ஆரஞ்சோ சிவப்போ போட்டிருந்தால் இந்த வழி வேண்டவே வேண்டாம். எட்னா சாம்பல் கக்கும் சமயம் என்றால் இன்னும் மோசம். ஈரமான சாம்பல் சாலையில் வழுக்கும், வைப்பர் அதைத் தேய்த்தால் கண்ணாடி கீறும். சாம்பல் விழும் நாட்களில் எட்னா அடிவார ஊர்களில் வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டர் என்று குறைத்துவிடுவார்கள்.

கடலோர வழியின் நல்ல பகுதி செஃபலூ. பலேர்மோவிலிருந்து 70 கிலோமீட்டர்தான். இரண்டாம் ரொஜேர் மன்னர் 1131இல் தொடங்கிய பேராலயம், உள்ளே பொன் பின்னணியில் கிறிஸ்துவின் பெரிய மொசைக். அடிவாரத்தில் படிகள் இறங்கிப் போகும் பழைய சலவைத் துறையில் இன்னமும் தண்ணீர் ஓடுகிறது. இதற்காக மெஸ்ஸீனா சுற்ற வேண்டியதில்லை. புவோன்ஃபோர்னெல்லோவைத் தாண்டிச் செஃபலூவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து ஏ19 பிடித்தால் ஒன்றரை மணி நேரம்தான் கூடும். மிதமான மழைக்கு அது நல்ல ஏற்பாடு.

தெற்கு வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பலேர்மோவிலிருந்து அக்ரிஜெந்தோ, அங்கிருந்து ஜேலா, ரகூசா, மோதிக்கா, பிறகு சிராகூசா. தூரம் கடலோர வழியைவிடக் கொஞ்சம் குறைவு, நேரம் அதைவிட அதிகம். பெரும்பகுதி இருவழி மாநிலச் சாலை, லாரிகள், வேகக் கேமராக்கள், அங்கங்கே வேலை. கடைசிப் பகுதியில்தான் நெடுஞ்சாலை. அக்ரிஜெந்தோவின் கோயில் பள்ளத்தாக்கு முழுக்கத் திறந்த வெளி. மழையில் போனால் கோயிலைவிடக் குடைதான் அதிகம் தெரியும். அங்கே அருங்காட்சியகத்தில் நிற்கும் ஏழரை மீட்டர் உயரக் கல் மனிதரைப் பார்க்கலாம் என்றால் சரி. ஆனால் அதற்காக ஒரு முழு நாளையும் இந்தச் சாலையில் கொடுக்க வேண்டும். மோதிக்காவின் முதன்மை வீதியில் நடக்கும்போது, அதன் அடியில் மூடிய ஆறு ஓடுகிறது என்பதை நினைவில் வையுங்கள். 1902 செப்டம்பர் 26 வெள்ளத்தில் அந்த ஊரில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்த பிறகுதான் ஆற்றை மூடினார்கள். தெற்கு வழியை இரண்டு நாளாகப் பிரித்து, நடுவில் ஓர் இரவு தங்கிப் போகிறவர்களுக்கு மட்டுமே சொல்வேன்.

நான்காவது வழி, போகாமல் இருப்பது. இதைப் பலரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. சிராகூசாவில் முன்பதிவு செய்த அறையின் ஓர் இரவுப் பணம் போய்விடுமே என்ற கவலை. ஆனால் மத்தியதரைக் கடல் புயல் மழை நாள் முழுக்க ஒரே சீராகப் பெய்வது குறைவு. இரண்டு மூன்று மணி நேரம் பேயாய்ப் பெய்து, கொஞ்சம் ஓய்ந்து, மறுபடி பெய்யும். காலையில் கிளம்புவதைப் பத்து, பதினொன்றுக்குத் தள்ளினாலே பாதித் தொல்லை போய்விடும். அப்படித் தள்ளினால் வில்லாவை விட்டுவிட்டு நேரே போய்விட வேண்டும்.

சிவப்பு அறிவிப்பு என்றால் பேச்சுக்கே இடமில்லை. மேயர்கள் பள்ளி, பூங்கா, தொல்லியல் இடங்களை மூடிவிடுவார்கள். ஊர்க்காரர்களே வெளியே வர மாட்டார்கள். பலேர்மோவை விட்டு வெளியேறுவதே அன்று ஆபத்தாக இருக்கலாம். நெடுஞ்சாலைக்குப் போகும் வியாலே ரெஜோனே சிசிலியானா என்ற சுற்றுச்சாலையில் சுரங்கப் பாலங்கள் இருக்கின்றன. 2020 ஜூலை 15 அன்று திடீர் மழையில் அவை நிரம்பி, ஏராளமான கார்கள் மூழ்கின. மக்கள் காரை விட்டு நீந்தி வெளியே வந்தார்கள். நெடுஞ்சாலையில் ஏறியதும் சிறிது தூரத்தில் காஸ்தெல்தாச்சா. 2018 நவம்பர் 3 இரவு மிலீச்சா ஆறு பெருகி, அங்கே ஒரு வீட்டுக்குள் ஒன்பது பேர் இறந்தார்கள். கடலோரத்தில் எளிதாகத் தெரியும் அந்த முதல் ஐம்பது கிலோமீட்டரிலும் இப்படிப்பட்ட சிற்றாறுகள் பல குறுக்கிடுகின்றன. சாலையின் தாழ்வான இடத்தில் தண்ணீர் நின்றால், முன்னால் போன கார் தாண்டிவிட்டது என்பதற்காக இறங்காதீர்கள்.

பலேர்மோவில் ஒரு நாள் கூடுதலாக இருந்தால் வீணாகாது. அரண்மனைக்குள் இருக்கும் பலத்தீனா சிற்றாலயம் ஒன்றே அரை நாளைக்குப் போதும். மழை குறைந்தால் பெல்லெக்ரீனோ மலைக்கு ஏறி சாந்தா ரொசாலியா குகைக்கோயிலைப் பாருங்கள். கனமழையில் மலைச்சாலையை அடைப்பதுண்டு, விசாரித்துக்கொண்டு போக வேண்டும். 1624 கொள்ளை நோயிலிருந்து நகரத்தைக் காத்தவர் என்று பலேர்மோ வணங்கும் புனிதர் அவர். இந்த ஊரில் பெரிய எண்ணிக்கையில் வாழும் ஈழத்தமிழர்கள், கிறிஸ்தவர்களும் சைவர்களும், ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போகிறார்கள். குகையின் உச்சியில் குறுக்கும் நெடுக்குமாக உலோகத் தகட்டு வாய்க்கால்கள் தொங்குகின்றன. பாறையிலிருந்து கசியும் நீர் வணங்குபவர் தலையில் விழாமல் அவற்றில் ஓடிச் சேரும். அதைத் தீர்த்தமாக எடுத்துப் போகிறார்கள்.

கார் ஓட்டுவதில் நம்பிக்கை இல்லையென்றால் பேருந்து இருக்கிறது. பலேர்மோ மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்து கத்தானியாவுக்கு நாள் முழுக்க அடிக்கடி வண்டி உண்டு. இரண்டே முக்கால் மணி நேரம் வரும். அங்கே மாறிச் சிராகூசாவுக்கு இன்னொரு பேருந்தோ ரயிலோ பிடிக்கலாம். அதே ஏ19தான், ஆனால் தினமும் அந்த வளைவுகளைப் பார்க்கும் ஓட்டுநர். வயதானவர்களும் சின்னக் குழந்தைகளும் உடன் இருந்தால், காரைச் சிராகூசாவில் வாடகைக்கு எடுத்துக்கொள்வது மேல் என்றே சொல்வேன். தென்கிழக்குப் பகுதியைச் சுற்றத்தான் கார் உண்மையில் தேவை. ரயிலை இதில் சேர்க்கவில்லை. உள்நாட்டுப் பாதையில் புதிய தடம் போடும் வேலை நடப்பதால், எந்தப் பகுதி எப்போது அடைத்திருக்கும் என்று பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

காரில் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். இந்திய உரிமம் மட்டும் போதாது, சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். இத்தாலிய நெடுஞ்சாலையின் 130 வேக வரம்பு மழையில் தானாகவே 110 ஆகிவிடும், பலகை எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஏ19இன் பல பகுதிகளில் அதற்கும் குறைவாகப் பலகை இருக்கும். அந்தப் பலகையை மதியுங்கள், பின்னால் ஒட்டி வருகிறவர் விளக்கை மின்னினாலும் சரி. வாடகைக் காரை எடுக்கும்போதே டயரின் பள்ளங்களையும் வைப்பர் ரப்பரையும் பார்த்துவிடுங்கள். அடிப்படைக் காப்பீட்டில் கண்ணாடி, டயர், வண்டியின் அடிப்பாகம் சேருவதில்லை என்பது பொதுவான நிலை. மழை நாளில் அடிபடுவது அவைதான். நவம்பர் நடுவிலிருந்து மலைப்பகுதியில் டயரில் மாட்டும் பனிச் சங்கிலி கேட்கும் பலகைகள் வந்தால், வண்டியில் இருக்கிறதா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

சுருக்கமாக என் தேர்வு இது. வடமேற்கு மழை என்றால் காலையில் ஏ19, வழியில் வில்லா. ஷிரோக்கோவும் மஞ்சள் அறிவிப்பும் என்றால் ஏ19இல் நேரே போய், சாக்கித்தெல்லோவில் நின்று கிழக்கு வானம் பார்த்து, வெளிச்சம் இருக்கும்போதே சேர்ந்துவிடுவது. ஷிரோக்கோவும் ஆரஞ்சும் என்றால் முடிந்தவரை ஒரு நாள் தள்ளிப் போடுவது.

சிராகூசாவில் பெரும்பாலோர் தங்குவது ஓர்த்திஜியா என்ற பழைய தீவுப் பகுதியில். உள்ளே பெரும்பகுதி போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மண்டலம். அனுமதி இல்லாமல் நுழைந்தால் கேமரா எண் பலகையைப் படம் எடுத்துவிடும், அபராதம் பல மாதம் கழித்து வாடகை நிறுவனம் வழியாக வீடு தேடி வரும். விடுதிக்காரர் உங்கள் எண்ணைப் பதிவு செய்வாரா என்று கேட்டுவிட்டுப் போங்கள். கட்டுப்பாட்டைத் தாண்டாமல் வண்டியை விட வழக்கமாகச் சொல்லும் இடம் தலேத்தே நிறுத்தகம். கூரை உண்டு, பழைய நகரம் நடக்கும் தூரம். ஆனால் அது கிழக்குக் கடலை ஒட்டியது. வடமேற்கு மழை நாளில் அதுவே போதும். ஷிரோக்கோ நாளில் அந்தக் கரைச் சாலையில் அலை ஏறி அடிக்கும். அன்றைக்கு ஓர்த்திஜியாவுக்குப் போகும் பாலங்களுக்கு இந்தப் பக்கம், பெரிய துறைமுகத்தை ஒட்டிய மோலோ சாந்த் அந்தோனியோவில் வண்டியை விட்டுவிட்டு, பெட்டியோடு பத்து, பதினைந்து நிமிடம் நடந்து போவது நல்லது.